அர்பாப்பின் பச்சைப்பாம்பு

என் வாப்பா ஹபீப் முகம்மது போன ஜூன் முதல் வாரத்தில் ஒரு வரலாற்று முடிவை எடுத்தார்.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தவர், துணியால் மூடிய ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்த வருஷம் ஊருக்குப் போக முடியாது. அர்பாப் என்னை நம்பி ஒரு உயிரை ஒப்படைச்சிருக்கார்."

அர்பாப் என்றால் வாப்பாவின் ஓமானி முதலாளி. வாப்பா துணியை விலக்கினார். உள்ளே ஒரு காய்ந்த கிளை. கிளையில் அவரைக்கொடி மாதிரி மெலிசாக, பச்சையாக ஒன்று. அவரைக்கொடி நாக்கை நீட்டியது.

உம்மா அடுப்படிக்குள் ஓடினார். திரும்பி வந்தபோது வாப்பாவின் சைட் கண்ணாடியை மாட்டியிருந்தார். ஓமானில் சோஹார் துறைமுக ஸ்டோரில் வேலை பார்ப்பவர்களுக்குக் கம்பெனி கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடி அது.

"பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும்" என்றார்.

"கொத்தாது உம்மா. மூடநம்பிக்கை."

"உனக்குக் கண்ணு போனா படிப்பு போகும் மின்ஹா. எனக்குப் போனா இந்த வீட்டுல ஒருத்தருக்கும் சோறு கிடையாது."

விஷயம் பாம்பு இல்லை. ஜூலையில் கீழக்கரையில் உம்மு சல்மா சாச்சி மகள் நஜீஹாவுக்கு நிக்காஹ். உம்மாவுக்கு ஒரே தங்கை, தங்கைக்கு ஒரே மகள். பெருநாளிலிருந்தே உம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வாப்பாவுக்கோ அந்த வீட்டு வாசலை மிதிக்க முகம் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அதே வீட்டு விருந்தில், முந்நூறு பேர் முன்னிலையில், "கறி வேகல" என்று அறிவித்துவிட்டு எழுந்து வந்தவர் இவர். சாச்சியின் கணவர் சதக்கத்துல்லா சாச்சா, வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுபவர், அன்றிலிருந்து ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறார்: "காக்கா வந்து, கறி வெந்துதான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிடப் பாம்பு வளர்ப்பது சுலபம் என்று ஒரு ஆண்பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது! அவர் போகாவிட்டால் நாங்களும் போக முடியாது. காரணம், ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. இதற்குக் குடும்பப் பொறுப்பு என்று பெயர்.

நான் விசாரணையில் இறங்கினேன். அர்பாப் கோடை முழுக்க வெளிநாடு போகிறார். ஆபீசில் எல்லாரையும் நிற்க வைத்து, பாம்பு பார்த்துக்கொள்ள யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வாப்பா மட்டும் கையைத் தூக்கியிருக்கிறார்.

"'எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு பாம்பு, அர்பாப்'னு சொன்னீங்களா இல்லையா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நம்ம எல்லாரும் பாம்பாட்டிங்கன்னு உலகமே நினைச்சுட்டு இருக்கு. நீங்க அதுக்கு சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டு வர்றீங்க!"

"அர்பாப் கேட்டா மாஃபி, இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"உங்களைக் கேக்கவே இல்லையே! நீங்களா கை தூக்கினீங்க!"

"மவளே, பாம்பு தூங்குது. சத்தம் போடாதே."

பாம்புக்கு இமையே கிடையாது. அது தூங்குவது இவருக்கு எப்படித் தெரிந்தது?

முதல் நாள் கிண்ணத்தில் பால் வைத்தார். பாம்பு அதில் இறங்கிக் குளித்தது. மறுநாள் அவித்த முட்டை. பாம்பு முட்டையைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. நான்கு நாளாக அது எதையும் தொடவில்லை. அர்பாப்போ தினமும் வாட்சப்பில் பாம்பின் நலம் விசாரித்தார். பத்தொன்பது வருடத்தில் வாப்பாவின் நலத்தை அவர் இத்தனை தடவை விசாரித்ததில்லை.

கடைசியில் நானே படித்து, ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டினேன். மரத்திலேயே வாழும் மழைக்காட்டு ஜாதி இது. ஏறிக்கொள்ளக் கிளையும் ஒளிந்துகொள்ள இலையும் வேண்டும். தினம் இரண்டு வேளை இலைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாரம் இரண்டு தடவை சின்ன மீன். ஏசிக் குளிர் ஆகாது. சத்தம் அறவே ஆகாது, பயந்தால் சாப்பிடாது.

உம்மா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். கடைசி வரியை மூன்றாவது தடவையும் படித்தார்.

"அப்ப உங்க ரூமுதான் மச்சான் சரி. ஏசியை அமத்திடலாம்."

"அப்ப நான் எங்கே படுக்க?"

"அர்பாப் யாரை நம்பி ஒப்படைச்சாரு?"

நானும் உம்மாவும் ஹால் ஏசிக்கு மாறினோம். சூடு முப்பதைத் தாண்டினால் கதவை ஒரு சாண் திறந்து வைப்போம், பெட்டி இருக்கும் பக்கமாக. வாப்பா மறுபக்கத்தில் பனியனைப் பிழிந்துகொண்டிருப்பார்.

மீன் கொடுத்தது உம்மாதான். சைட் கண்ணாடியோடு, சட்டி இறக்கும் இடுக்கியால் ஒரு சின்ன மீனின் வாலைப் பிடித்து, நீந்துவது மாதிரி ஆட்டினார். சடக்கென்று கவ்வி, தலைப்பக்கமாக விழுங்கிவிட்டது.

"பரவாயில்லையே, இதுக்கு முள்ளெடுத்துக் குடுக்க வேணாம்" என்று உம்மா வாப்பாவைப் பார்த்தார்.

அதற்கப்புறம் உம்மா செய்த காரியம்தான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. இடுக்கியை வாப்பா கையில் கொடுத்துவிட்டு, அவர் முகம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அர்பாப்புக்கு அனுப்ப ஆரம்பித்தார். அர்பாப் மகிழ்ந்துபோனார். ஹபீப்தான் நிபுணர்; வேறு எந்தக் கையும் படக்கூடாது என்று பதில் வந்தது. வாப்பாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

"மீனைக் கழுவுறது நீங்க! தண்ணி தெளிக்கிறது நீங்க! பேரு மட்டும் அவருக்கா?"

"நல்லாத்தான் பேசறே" என்றார் உம்மா. "ஆனா இப்ப வேணாம். எடுத்து வை."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அர்பாப் வீடியோ காலில் வந்தார், மீன் சாப்பிடுவதை நேரில் பார்க்க. வாப்பா இடுக்கியோடு குனிந்தார். பாம்பு மெல்ல நீண்டது. போனைப் பிடித்திருந்த உம்மா என் பக்கம் திரும்பினார்.

"மின்ஹா, அன்னைக்கு என்னமோ சொன்னியே, பொம்பளைங்க உழைப்பைப் பத்தி? அதை இப்ப சொல்லேன்."

என்னிடம் அப்படிக் கேட்கலாமா! ஆரம்பித்தேன். சமையற்கட்டில் தொடங்கி, ஃபேமிலி விசாவைத் தொட்டு, ஸ்டோர் ரூம் ஆண்களின் ஆணவத்தை நான் கிழித்துக்கொண்டிருந்தபோது, பாம்பு மீனைத் துப்பிவிட்டு இலைக்குள் மறைந்தது.

யார் அது கத்துவது என்று அர்பாப் கேட்டார்.

"மவதான், அர்பாப்" என்றார் உம்மா, சைட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தினமும் இப்படித்தான். நானும் பதிலுக்குக் கத்துவேன். பாவம், பாம்பு சாப்பிடறதில்லை."

அர்பாப் பதறினார். ஹபீப், கலாஸ், போதும், குடும்பத்தை உடனே ஊருக்கு அனுப்பு, டிக்கெட் நான் போடுகிறேன், நான் வரும்வரை வீடு அமைதியாக இருக்க வேண்டும், நீ மட்டும் இரு.

வாப்பா வாயைத் திறந்தார். பத்தொன்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"மாஃபி முஷ்கில், அர்பாப்." ஒரு பிரச்சினையும் இல்லையாம்!

என் வாழ்நாளின் ஆகச் சிறந்த பேச்சை வெறும் சத்தமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என் தாய்! விமானத்தில் இதைக் கேட்டுச் சண்டை போட்டேன். "இங்கே பாம்பு இல்ல, நல்லா கத்து" என்றார்.

நிக்காஹ் அன்று பந்தலிலிருந்து வாப்பாவைக் கூப்பிட்டோம். நனைந்த பனியன். பின்னால் பெட்டி. சதக்கத்துல்லா சாச்சா போனைப் பிடுங்கி, முதலில் பிரியாணி நிறைந்த சஹன் தட்டைக் காட்டினார். அப்புறம்தான் தன் முகத்தை. வாப்பா சஹனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சதக்கத்து, அன்னைக்குக் கறி வெந்துதான் இருந்துச்சு."

பந்தலே ஆர்ப்பரித்தது. சாச்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போகட்டும் விடுங்க காக்கா. பகலுக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"மீனு."

"என்ன மீனு?"

வாப்பா பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அது வேணாம்னு விட்ட மீனு."