பத்துக்குப் பத்து வாங்கிய இயர்போன்

மற்ற ஊர்களில் நாக்கைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். எங்கள் ஊரில் காதைப் பற்றித்தான். சிவகாசிப் பக்கம் பட்டாசு வீட்டில் பிறந்தவர்கள், எங்கோ ஒரு வெடி வெடித்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொல்வார்கள்: சத்தம் கெட்டி, சத்தம் வறட்டு, சத்தம் சிதறுகிறது. எனக்கும் அந்தக் காது உண்டு. (உண்டு என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்று எழுதுவதே சரியான செய்தி.)

அப்போது நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். விலை குறைந்த கருவிகளை ஒப்பிட்டு வாரம் அரைப் பக்கம் எழுதுவேன். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இயர்போன்களைப் பற்றி எழுதிய கட்டுரையை என் அண்ணன் ரத்தினவேல் கத்தரித்து, திருத்தங்கல் அலுவலகத்தில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தான். வினை அங்கே ஆரம்பித்தது.

அப்பா ஒதுங்கிக்கொண்டு கம்பெனியை அண்ணன் கையில் கொடுத்த முதல் வருடம் அது. சீசனுக்கு முன்னால் வெளியூர் வியாபாரிகளைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்து, விருந்து வைத்து, பரிசு கொடுத்து, ஆர்டர் வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். ‘பெரியவர் இருந்த இடத்தில் இந்தப் பையனா?’ என்று பாதிப் பேர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தன்று மண்டபத்தை விட்டு அவர்கள் ஆர்டர் சொல்லாமல் கிளம்பினால் அண்ணனுக்கு அந்த வருடம் சீசன் கிடையாது.

வழக்கமாகக் கொடுக்கும் சுவர்க் கடிகாரத்தை நிறுத்திவிட்டு இயர்போன் கொடுக்கலாம் என்பது அவன் யோசனை. விருந்து நாளில்தான் நான்கு வகை மாதிரிகளை என் கையில் திணித்தான்.

“ஏ புள்ள, எதுல சத்தம் நல்லாருக்குன்னு சாப்பாடு முடியிறதுக்குள்ள சொல்லிரு. கடைக்காரருக்குப் போன் போட்டா மொத்தமாக் கொண்டாந்துருவாரு.”

“இதெல்லாம் எனக்கு அஞ்சு நிமிச வேலைண்ணே.”

அண்ணன் மனைவி ஜெயா மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாத்து வாணி. பேப்பர்ல தப்பா எழுதினா மறுநாள் திருத்தம் போட்டுக்கிடலாம். இங்க அதுக்கு எடம் இல்ல.”

பழைய நிருபர்கள்கூட இவ்வளவு சரியாக முன்கூட்டிச் சொன்னதில்லை.

காலையில் கூட்டம் தொடங்கியபோது மைக்செட்காரர் போனில் சார்ஜ் இல்லை. கடவுள் வாழ்த்தை என் போனிலிருந்து புளூடூத் வழியாக அவர் பெட்டிக்கு அனுப்பிப் பாடவைத்தோம். பாட்டு முடிந்தது. இணைப்பு முடியவில்லை. இதை நான் தெரிந்துகொண்டது மிகவும் பின்னால்.

மண்டபத்திலேயே அமைதியான இடம் மணமகள் அறை. ஏசி உண்டு, தாழ்ப்பாள் உண்டு, யார் யாரோ கல்யாணப் பெண்கள் ஓரத்தில் ஒட்டிவிட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டுகளோடு ஓர் ஆளுயரக் கண்ணாடியும் உண்டு. பந்தி போட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

ஒப்பிட எந்தப் பாட்டைப் போடுவது? விவரம் தெரியாதவர்கள் பாட்டுப் போடுவார்கள். நான், வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டல் காட்டில் அண்ணன் தன் புது வெடியை வெடித்துப் பார்த்தபோது போனில் பிடித்து வைத்திருந்த சத்தத்தைப் போட்டேன். திரி சீறும், ஒரு கணம் அடங்கும், பிறகு வெடிக்கும். பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம். இதில் என்னை ஏமாற்ற எந்த இயர்போனாலும் முடியாது என்று நினைத்தேன்.

முதல் மூன்றும் வயர் வைத்தவை. முதலாவதில் வெடி மெத்தைக்கு அடியில் வெடித்தது. இரண்டாவதில் திரியின் சீற்றம் தெளிவு, சத்தமும் கெட்டி, ஏழு மார்க். மூன்றாவது, தகர டப்பாவுக்குள் ஊசிவெடி. நான்காவது கழுத்தில் மாட்டும் வயரில்லாத வகை. அதன் ரப்பர் முனை காதை அடைத்த அடைப்பில் ஏசியின் உறுமலே காணாமல் போயிற்று. போனை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினேன்.

அப்போது வந்தது. தூரத்திலிருந்து, சுவருக்கு அப்பாலிருந்து, வயிற்றைத் தொடுகிற மாதிரி ஒரு வெடி. எதிரே ஆளுயரக் கண்ணாடி அதிர்ந்தது. தொள்ளாயிரம் ரூபாய் இயர்போன் சுவரில் மாட்டிய கண்ணாடியை அதிரவைக்காது என்ற சாதாரண அறிவு எனக்கு வரவில்லை, ரசனைதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஓடவிட்டேன். பிறகு விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினேன்: ‘சத்தம் காதுக்குள் அடைபடவில்லை. வெட்டவெளியில் நிற்பது போல் இருக்கிறது. பாத்திரம் உருளும் ஓசைகூடத் தனியாகப் பிரிந்து கேட்கிறது. பத்துக்குப் பத்து.’

(என் ஒலிப்பதிவில் பாத்திரமே கிடையாது.) ஆசை அடங்காமல் மூன்றாவது முறையும் ஓடவிட்டேன்.

அந்த நேரத்தில் வெளியே நடந்தது, பலரிடம் கேட்டுச் சரிபார்த்தது.

எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால் தொழில். கேட்கக் கூடாத இடத்தில் கேட்டால் விபத்து, யாரும் யோசித்து நிற்பதில்லை. முதல் வெடிக்கே உள்ளூர்க்காரர்கள் எழுந்துவிட்டார்கள். கூச்சல் இல்லை, நெரிசல் இல்லை. பரிமாற வந்திருந்த எங்கள் பேக்கிங் ஷெட் காளியம்மாள் அக்கா சாம்பார் வாளியை விட்டெறிந்து, அடுப்படிக்குள் ஓடி, கேஸை மூடி, யாருடைய பிள்ளையோ ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியேறினார். மதினி, நடக்கச் சிரமப்படும் கணக்கர் ஐயாவை நாற்காலியோடு இழுத்துப் போனார். அண்ணன் வாசலில் நின்று, ஓடி வந்தவர்களையெல்லாம் வெளியே தள்ளினான். மண்டபத்தில் மிஞ்சியது செருப்புகளும் வெளியூர் வியாபாரிகளும். அவர்கள் இலை முன்னால் உட்கார்ந்தபடி, புதுச் சரக்கின் அறிமுகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அண்ணன் கேட்டிருக்கிறான்: “வாணி எங்க?”

“பொண்ணு ரூம்ல...” என்று மதினி முடிப்பதற்குள் இரண்டாவது வெடி. பிடித்தவர்களை உதறிவிட்டு அண்ணன் திரும்ப உள்ளே ஓடினான்.

தாழ்ப்பாள் தெறித்துக் கதவு திறந்தபோது அவன் பார்த்தது: தங்கை கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ‘ஒரு நிமிஷம்’ என்று விரலைக் காட்டினேன். அவன் என்னை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். தலைகீழாகத் தொங்கியபடி, கைதட்டும் வியாபாரிகளைக் கடந்து போகையில், நான் அவன் முதுகில் தட்டிக் கத்தினேன்:

“அண்ணே, இதாண்ணே! இதையே வாங்கிரு!”

ரோட்டோரம் இறக்கிவிட்டான். அவன் சட்டை நனைந்திருந்தது. நான் இயர்போனைக் கழற்றினேன். மண்டபத்துக்குள் திரி சீறும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. ஒரு கணம் அடங்கியது. அது வெடிப்பதற்குள் என் கட்டைவிரல் போனை அழுத்திவிட்டது.

வெடிக்கவில்லை. ரோட்டோரம் நின்ற மொத்தக் கூட்டமும் என் கையைப் பார்த்தது.

“பாப்பா,” என்றார் காளியம்மாள் அக்கா, மூச்சு வாங்க. “அடுத்த மட்டம் ஏதாச்சும் தாலாட்டாப் போட்டுக் கேளுங்க தாயி.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் அது உடனே சிரிக்கிற விஷயம் இல்லை. அண்ணனின் சீசனை நான் ஒரு விரலால் அழித்துவிட்டேன் என்றுதான் அப்போது தோன்றியது.

ஈரோட்டு வியாபாரி ஒருவர், கையில் பாதி ஜாங்கிரியோடு வெளியே வந்தார். “சத்தம் அருமைங்க. ஆனா நீங்கல்லாம் எதுக்குங்க ஓடுனீங்க?”

காளியம்மாள் அக்கா திருப்பிக் கேட்டார்: “நீங்கல்லாம் ஏன் ஓடலைய்யா?”

அவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். வாசல் முழுக்க ஒற்றை ஒற்றையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். ஜாங்கிரியை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அண்ணன் எதையும் பூசி மெழுகாமல் நடந்ததைச் சொன்னான். தங்கச்சி செய்த தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான்.

“தங்கச்சி பண்ணுனது இருக்கட்டுங்க,” என்றார் அவர். “வெடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டே உள்ள போனீங்கள்ல? உங்கப்பாகிட்ட எடுத்த மாதிரியே எடுத்துக்கறனுங்க. ஆனா சரக்குல சத்தம் மட்டும் இன்னைக்குக் கேட்ட மாதிரியே இருக்கோணும்.”

அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஆறிப்போன சாம்பாரைச் சுடவைத்து, பந்தி மறுபடி நடந்தது. அப்போதுதான் சிரிப்பு வந்தது, வந்தபின் நிற்கவில்லை.

சாயங்காலம் நான்காவது இயர்போனை முறைப்படி இணைத்துக் கேட்டேன். அலுமினியப் பானைக்குள் ரேடியோ. இரண்டாவதையே வாங்கச் சொன்னேன். அண்ணன் என் மார்க் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். “பத்துக்குப் பத்து அந்த இயர்போனுக்கு இல்ல புள்ள. நீ கேட்டது என் வெடிய,” என்றான். அந்தத் தாள் இன்று அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில், என் பழைய கட்டுரைக்கு மேலே இருக்கிறது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் வெடியை அண்ணன்தான் கொளுத்துவான். புகை கலைவதற்குள் திரும்பிப் பார்த்து, “எம்புட்டு?” என்பான்.

“பத்துக்குப் பத்து” என்பேன் நான், என் காதின் மேல் ஆணையாக.

உள்ளேயிருந்து மதினியின் குரல் வரும்: “கனெக்ட் ஆயிருக்கான்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்க.”