ஓட்டில்லாத ஊரும் ஒரு தாய்மாமன் மடியும்

எரியோடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கை அறிவுச்செல்விக்கு, உன் அண்ணன் பெரியகருப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் மதினி மாயக்காளும் நலம். முருங்கை காய்ப்பும் பரவாயில்லை. வடமதுரையில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமாக இருக்க நம் அய்யனார் துணை நிற்பாராக. போன் இருக்கும்போது ஏன் தபால் என்று நினைப்பாய். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நேற்று என்னை நீக்கிவிட்டார்கள். நீக்கியது நம் தம்பி இளஞ்செழியன். பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தது நீ. ஆகவே இனி உனக்குத் தாளில்தான் எழுதுவேன், அதிலிருந்து என்னை யாரும் நீக்க முடியாது.

விஷயம் பாப்பாவின் காதுகுத்துதான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், இரண்டு மாமன் இருந்தால் மூத்தவன் மடி, இதற்கு நான் யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவிலிருந்து இத்தனை வருஷம் கழித்து வந்து என் வீட்டு மாடியில் தங்கியிருக்கிற தம்பி, வந்த மறுநாளே என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, மொதல்ல பெறந்ததெல்லாம் ஒரு தகுதியாண்ணே? எதையும் யாரு நல்லாச் செய்வாங்களோ அவங்க கையிலதான் குடுக்கணும்" என்றான். மடி கொடுப்பதில் என்னடா தகுதி என்று கேட்டேன். அதற்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். அவன் இப்போது எந்த வேலையும் செய்வதில்லை, கம்ப்யூட்டர் வேலை செய்கிற கம்பெனிகளுக்குப் பணம் போடுகிறான். போட்ட பணம் பெருகப் பெருக, கம்பெனியை நடத்தத் தெரிந்தவனுக்கு நாட்டையும் நடத்தத் தெரியும் என்று அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் தோன்றிவிட்டதாம். ஓட்டு என்பது பழைய காலத்து ஏற்பாடாம். மூளைக்காரனுக்கும் ஒரு ஓட்டு, முட்டாளுக்கும் ஒரு ஓட்டு என்றால் ஊர் எப்படி முன்னேறும் என்கிறான். ஊரை ஆரம்பித்தவன் எவனோ அவனே அதற்கு ராஜா, பிடிக்காதவன் மளிகைக் கடையை மாற்றுகிற மாதிரி வேறு ஊருக்குப் போய்க்கொள்ளலாம். இதற்காக இங்கேயிருந்து வடமதுரை போகிற வழியில் உள்ள தரிசையெல்லாம் விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான், தனிச் சட்டத்தோடு ஒரு ஊர் கட்டப்போகிறானாம். சாவுகூட ஒரு கோளாறுதான், சரிசெய்துவிடலாம் என்று சொல்லிக் காலையில் பச்சையாக எதையோ கரைத்துக் குடிக்கிறான். அதற்கு உன் மதினி தினமும் கறிவேப்பிலை உருவிக் கொடுக்கிறாள். என் காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடு என்றால் மட்டும் அவளுக்குக் காது கேட்பதில்லை.

நான் இரண்டு முறை வார்டு தேர்தலில் நின்று இரண்டு முறையும் தோற்றவன். தோற்றாலும் நின்றேன். வீடு வீடாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொடுத்த டீயையெல்லாம் குடித்து ஓட்டுக் கேட்டேன். எத்தனையோ வருஷமாகக் கட்சிக்குக் கொடி கட்டுகிறேன், எங்கள் மாவட்டத் தலைவருக்கு இன்றுவரை என் பெயர் தெரியாது. போன வாரம் அவருடைய கார் நம் தெருவில் வந்து நின்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். கண்ணாடியை இறக்கி, "ஏப்பா, அமெரிக்காக்காரரு வீடு எது?" என்றார். அது என் வீடு. "இதுதாங்கய்யா, நான் அவருக்கு அண்ணன்" என்றேன். "அப்படியா, செத்த நேரம் வண்டியப் பாத்துக்கங்க" என்று உள்ளே போய்விட்டார். ஓட்டே வேண்டாம் என்கிறவன் எதிரில், ஓட்டு வாங்கிப் பிழைக்கிற மனுஷன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தலையாட்டினார். மறுநாள் எதிர்க்கட்சிக்காரரும் வந்து அதே நுனியில் உட்கார்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது, அறிவு. கூடப்பிறந்தவளிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த எரிச்சலில்தான் குழுவில் ஓட்டு வையுங்கள் என்று கேட்டேன். யார் மடி என்பதைச் சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து சொல்லட்டும், ஜனநாயகம் என்றால் என்னவென்று இவனும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் குழுவே அவன் தொடங்கியது என்பதையும், அதில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவன் புதுப் போன் கொடுத்திருக்கிறான் என்பதையும் யோசிக்கவில்லை. வாங்காதவன் நான் ஒருவன்தான். எனக்கு விழுந்தது ஒரே ஓட்டு, அதைப் போட்டதும் நான்தான். உன் மதினியைக் கேட்டேன். "தம்பி ஆசையாக் கேக்குது. உங்க மடி எங்கயும் போயிராது" என்றாள். ஓட்டை நம்பாதவன் ஓட்டில் ஜெயித்தான், நம்பிய நான் மூன்றாம் முறையாகத் தோற்றேன். இந்த ஓட்டுச் செல்லாது என்று எழுதினேன். "ஓட்டு விழுகாட்டியும் நாந்தான் உக்காந்திருப்பேன். ஒங்க திருப்திக்குத்தாண்ணே வச்சேன்" என்று பதில் போட்டுவிட்டு என்னை நீக்கிவிட்டான்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். அவனுக்கு முட்டி மடங்காது. இத்தனை காலமும் நாற்காலியிலேயே இருந்தவன். நேற்றுக் கொல்லைப்பக்கம் பாய் விரித்துச் சம்மணம் போட்டுப் பார்த்தான். ஒரு கால் மடங்கியது, இன்னொரு கால் வேலியைப் பார்த்து நீட்டிக்கொண்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் நின்று முழுவதையும் பார்த்தேன். ராத்திரி எனக்குச் சோறு கொஞ்சம் கூடவே இறங்கியது. சாவைச் சரிசெய்யப் போகிறவன் முதலில் முட்டியைச் சரிசெய்யட்டும். ஆசாரி ஊசியை எடுக்கும்போது பிள்ளை துள்ளும், மாமன் மடி அசையாமல் இருக்க வேண்டும். நான் வடமதுரை வந்திருந்தபோது பாப்பாவே கேட்டாள். "பெரிய மாமா, உங்க மடியிலதான உக்காரணும்? நீங்க கெட்டியாப் புடிச்சுக்கிட்டா நான் அழுக மாட்டேன்." ஆமா தாயி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஊரில் எல்லாவற்றையும் எல்லோரையும் அவன் வாங்கிக்கொள்ளட்டும், இந்த ஒன்றை விட மாட்டேன். மடி என் மடிதான். மாறி நடந்தால் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்று மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ நம் அய்யனாரை வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணன்,
பெரியகருப்பன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தான். புது ஊருக்குத் தலைவராக உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டுமாம். தேர்தல் கிடையாது, ஆயுள் முழுக்கப் பதவி, அதை எனக்கே தருகிறானாம். "சனங்க ஒங்களயே ரெண்டு வாட்டி தோக்கடிச்சிருக்காங்கன்னா, ஓட்டு எம்புட்டுத் தப்பான ஏற்பாடுன்னு பாத்துக்கங்கண்ணே" என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மாவட்டத் தலைவர் இனி என்னைப் பார்க்கவும் வந்தாக வேண்டும். மூத்தவன் மடிதான் வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை, தம்பி நாற்காலியில் உட்கார்ந்தே பிள்ளையை வைத்துக்கொள்ளட்டும். போனையும் வாங்கிக்கொண்டேன், குழுவிலும் சேர்த்துவிட்டான். குழுவில் எழுதினால் அவன் படித்துவிடுவான் என்பதால் இதைத் தபாலிலேயே அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. காதுகுத்துப் பேனரில் மட்டும் என் படத்தை அவன் படத்தைவிடச் சின்னதாகப் போட்டுவிடாதே. பாப்பா கேட்டால், பெரிய மாமாவுக்கு முட்டி மடங்கவில்லை என்று சொல்லிவிடு.