நாயைத் தனியே விடாத நாடு

மழை மறந்துபோன நாடுகளில் ஒன்று அனற்புரி. அதை ஆண்டவர் மாமன்னர் தர்மசேகரர். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரிசையில் நின்று மக்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே பிறகு யாரிடமும் போய் அழ முடியாது.

அரசவைக்கு எதிரே ஒரு புளியந்தோப்பு இருந்தது. அவைக்கு வரும் பிரபுக்களின் கார்கள் அதன் நிழலில்தான் நிற்கும். காக்கைகள் கார்களின் மேல் எச்சமிடுகின்றன என்று புகார் வந்தது. காக்கைக்கு உத்தரவு போட முடியாது என்பதால் தோப்பை வெட்டிவிட்டார்கள். புளி உலுக்கிப் பிழைத்த நாற்பது குடும்பங்கள் இனி என்ன செய்யும் என்று அவையில் ஒருவர் கேட்டாராம். கேள்வி நேரம் முடிந்துவிட்டது என்று அவருக்குப் பதில் வந்தது.

அந்த வெட்டவெளியில், ஒரு சித்திரை நண்பகலில், பூட்டிய காருக்குள் ஒரு நாய் வெந்து செத்தது. நீர்வளத்துறை அமைச்சர் வீரகேசரியாரின் நாய். மன்னர் கண்ணீர் விட்டார். ஏரிகள் வற்றியபோதுகூட அவர் அப்படி அழுததில்லை. அன்று மாலையே சட்டம் வந்தது: 'நிறுத்தப்பட்ட வாகனத்தில் வளர்ப்புப் பிராணியைத் தனியாக விடலாகாது. பிராணி துன்புறக் கண்டால், கண்ணாடியை உடைத்து அதை மீட்கக் காவல் அலுவலருக்கு அதிகாரம் உண்டு.'

நல்ல சட்டம்தான். நான் குறை சொல்ல மாட்டேன். வாயில்லா ஜீவன் அப்படிச் சாவது பாவம். நாடே கைதட்டியது.

மறுநாள் பிரபுக்களுக்குச் சங்கடம் வந்தது. நாயை வீட்டில் விட்டால் ஊளையிடும். அவைக்குள் கொண்டுபோனால் குரைக்கும். அங்கே அதற்கு ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருந்தார்கள்.

"தனியாக விடக் கூடாது என்றுதானே சட்டம்? கூட ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டால்?" என்றார் வீரகேசரியார்.

சட்டத்துறைச் செயலர் எழுந்து வணங்கினார். "தனிமை அகன்றதும் குற்றமும் அகன்றுவிடுகிறது, பிரபு."

அப்படி உண்டானதுதான் துணையாள் உத்தியோகம். துணையாள் நாயோடு காருக்குள் உட்கார வேண்டும். நாய் குதித்து ஓடிவிடக் கூடாது என்பதால் கண்ணாடி ஏற்றியே இருக்கும், சாவி பிரபுவிடம் இருக்கும், கதவு உள்ளிருந்து திறக்காது. ஒரு கேன் தண்ணீர் கொடுப்பார்கள். அது நாய்க்கு.

தோப்பில் புளி உலுக்கிக்கொண்டிருந்த மாசானத்துக்கு, வீரகேசரியார் புதிதாக வாங்கிய நாயோடு வேலை கிடைத்தது. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன் மாசானம். தன் துண்டை நனைத்து நாயின் மேல் போர்த்தினான். பனையோலை விசிறியால் நாள் முழுக்க விசிறினான். மாலையில் நாய் துள்ளிக்கொண்டு இறங்கியது. மாசானத்தைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

"பச்சப் புள்ள கணக்கா மடியில படுத்துக்கிடுது கோமு. அது என்ன பாவம் செஞ்சிச்சு?" என்று மனைவியிடம் சொன்னான்.

ஏழாம் நாள் மதியம், இடைவேளையில் கதவு திறப்பார்கள் என்று கோமு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வந்தாள். அன்று இடைவேளை இல்லை. மன்னரின் ஜீவகாருண்யத்தைப் பாராட்டும் தீர்மானத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் பேச விரும்பினார்கள். கண்ணாடிக்குள் மாசானத்தின் தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. வலது கை மட்டும் மெதுவாக விசிறிக்கொண்டிருந்தது.

காவல் அலுவலரிடம் ஓடினாள். "ஐயா, எம் புருசன் மயங்கிக் கெடக்காரு. கண்ணாடிய ஒடைங்கய்யா!"

அலுவலர் வந்து குனிந்து பார்த்தார். நாயைப் பார்த்தார். "நாக்கு ஈரமா இருக்கு. மூச்சு சீரா இருக்கு. பிராணி நல்லாத்தாம்மா இருக்கு."

"நாயி இல்லய்யா, மனுசன்!"

"சட்டத்துல பிராணின்னுதான் இருக்கு. மனுசனுக்காக ஒடச்சா என் வேல போயிரும். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கும்மா."

"அப்ப அந்த நாயிக்கு ஏதாச்சும் ஆனாத்தான் ஒடப்பீகளா?"

"ஆனா அந்த நிமிசமே ஒடப்பேன்" என்று இடுப்பிலிருந்த சுத்தியலைத் தொட்டுக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை.

கோமுவுக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தாள். "ஏங்க, வீசாதீக! அந்தத் தண்ணிய நீங்க குடிங்க! நாயி கொஞ்ச நேரம் தவிக்கட்டும், ஒடச்சிருவாக!"

மாசானம் கண்ணைத் திறந்தான். அவள் சொன்னது கேட்டதோ இல்லையோ. கேனில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் ஊற்றி நாயிடம் நீட்டினான். நாய் நக்கிக் குடித்தது. அலுவலர் மணி பார்த்து, 'பிராணி நலம்' என்று எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் விசிறி நின்றது. கோமு ஒரு கல்லை எடுத்தாள். கண்ணாடி உடைந்ததும் நாய் வெளியே குதித்தது. மாசானம் வரவில்லை.

விசாரணை மூன்றே நாளில் முடிந்தது. நீதிபதி தீர்ப்பை நின்றுகொண்டே வாசித்தார். "துணையாளின் உயிர் பிரிந்தது முதல் கண்ணாடி உடைந்தது வரை, நான்கு நிமிடங்கள், பிராணி தனியாக இருந்திருக்கிறது. அதைத் தனியே விட்டுச் சென்றவர் மாசானம். குற்றம் ஐயமற நிரூபணமாகிறது." அந்தச் சட்டத்தின் கீழ் அனற்புரியில் குற்றவாளியாக்கப்பட்ட முதல் ஆள் அவன்தான். இறந்துவிட்டதைக் கருணையோடு பரிசீலித்துத் தண்டனையை மட்டும் தள்ளுபடி செய்தார்கள். கல் அரசுடைமை ஆனது.

எழுதும் எனக்கு வயிறு எரிகிறது. அவையில் இருந்தவர்கள் வேளைக்குச் சாப்பிட்டார்கள்.

இனி இப்படி ஒன்று நடக்கவே கூடாது என்பதில் மன்னர் உறுதியாக இருந்தார். காருக்கு இரண்டு துணையாட்கள் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் போனாலும் பிராணி தனியாகாது. வேலைவாய்ப்பு ஒரே நாளில் இரட்டிப்பானது என்று தெருவெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். அடுத்த மாதம் தேர்தல்.

ஆளெடுப்பு வரிசை அரசவையைச் சுற்றி இரண்டு வளையம் போட்டது. வீட்டில் உலை வைத்து நாலு நாளாகியிருந்ததால் கோமுவும் நின்றாள். அவள் முறை வந்தபோது எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"முன் அனுபவம் இருக்கா?"

"உள்ள இருந்ததில்ல சாமி. வெளிய நின்னு பாத்திருக்கேன்."

எழுத்தர் 'உண்டு' என்று எழுதிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.