பற்றரிக்கு வடக்குத் தெற்குத் தெரியாது

"இனிமே எந்தப் பெற்றோல் செட்டுக்காரனுக்கும் இந்த ஷிஹான் சலாம் போடமாட்டான்!"

இப்பிடி ஒரு சபதத்த நான் காத்தான்குடிச் சந்தியில நிண்டு, நெஞ்ச நிமித்தி, வாய்க்குள்ள வடையோட எடுத்தன். கேட்டவன் என்ட கூட்டாளி அம்ஜத் ஒருத்தன்தான். அவனும் சபதத்தக் கேக்கல்ல, வடையத்தான் பாத்துக்கொண்டு நிண்டான்.

பரவால்ல. நான் சொன்னாச் சொன்னதுதான்.

நமக்கு அலுமினியம் வேல. ஜன்னல், கதவு, கண்ணாடித் தடுப்பு எல்லாம் செய்வன். ஏ.எல். வகுப்பில கணக்குப் படிக்கப் போய், இது நமக்குச் சரிவராதெண்டு மூணாம் மாசமே சரியாக் கணக்குப் போட்டு ஓடிவந்தவன். வாப்பா அழுதார். கணக்கு வாத்தியார் அழல்ல. எல்லாருக்கும் சோடா வாங்கிக் குடுத்ததாக் கேள்வி.

என்ட பழைய டீசல் பிக்கப்ப நீங்க பாத்திரிக்கணும். அது வண்டியில்ல, நாலு ரயர் பூட்டின குடிகாரன். கொக்கட்டிச்சோலைக்கு ஒரு ஜன்னல் பூட்டப் போனா, வாற லாபத்தில முக்காவாசியக் குடிச்சிட்டு மிச்சத்தப் புகையா விடும். எண்ணெய்ப் பஞ்ச காலத்தில செட்டுக் கியூவில கிடந்து வளந்த தாடிதான் இப்ப எனக்கிரிக்கிற தாடி. நபிவழிச் சுன்னத்துக்கு வெச்சதெண்டு ஊரில நம்பிக்கொண்டு இரிக்காங்க. நானும் திருத்தப் போகல்ல.

அதான் குடிகாரன வித்தன். மிச்சத்துக்கு லீசிங் போட்டன். சின்னதா, வெள்ளையா, கரண்ட்ல ஓடுற பிக்கப் ஒண்டு எடுத்தன்.

அம்ஜத் அத மூணு தரம் சுத்திப் பாத்தான். மாடு வாங்க வந்தவன் மாதிரி.

"மச்சான், மழைக்க போனா கரண்ட் சொக் அடிக்காதா?"

"ஒன்ட பொண்டாட்டி ஷஸ்னா மழைக்க நிண்டு மணிக்கணக்கா போன் கதைக்கிறாவே, அடிச்சிச்சா?"

"பாரம் இழுக்குமா?"

"அலுமினியம் பார் ஒரு கட்டு, கண்ணாடி ஒரு அடுக்கு, அதுக்கு மேல ஒன்னயும் ஏத்திக்கொண்டு மண்முனைப் பாலத்தில ஏறுவன். கஷ்டமெண்டா ஒன்ன மட்டும் வாவிக்க இறக்கிவிடுவன்."

"செலவு?"

"முந்தி ஒரு நாள் டீசலுக்குப் போன காசில இப்ப ஒரு கிழம ஓடலாம். இதப் பார், பின்னால பிளக் பொயின்ற். கரண்ட் எடுக்காத புது ஊட்டுக்குப் போனாலும் கட்டர், டிறில் எல்லாம் வண்டியில இருந்தே ஓட்டலாம். ஜெனரேற்றர் தூக்கி முதுகு முறியத் தேவல்ல."

அம்ஜத் கேள்வி கேக்குறத நிப்பாட்டினான். வடை முடிஞ்சதும் ஒரு காரணம்.

எல்லாத்தையும் யோசிச்சன். சார்ஜ் எங்க போடுறெண்டத மட்டும் யோசிக்கல்ல.

எங்கட ஊர் வழக்கம் ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கலியாணம் முடிச்சா மாப்பிளதான் பொண்ணுட ஊட்டுக்குப் போவான். ஊடு பொண்ணுட. செவர் பொண்ணுட. செவரில இரிக்கிற பிளக்கும் பொண்ணுட. கரண்ட் மீற்றர் மாமிட பேரில. ஊட்டுக்க என்ட சொத்தெண்டு சொல்ல நான் மட்டும்தான் இரிக்கன்.

செட்டுக்காரன விட்டுத் தப்பி, செட்டுக்காரிட மடியில வந்து உழுந்தன்.

"இஞ்சாருங்க, இத எவ்வளவு நேரத்துக்குச் சொருகி வைக்கப் போறீங்க?" ஸுஹைனா இடுப்பில கை வெச்சிக் கேட்டா. என்ட பொண்டாட்டி. போன்ல சாறி யாவாரம் பண்றவ. ஒரு முழம் துணிகூட மேலதிகமா வெட்டிக் குடுக்காத கை.

"நிறையிற வரைக்கும், கிளி."

"உம்மாட மீற்றர் காத்தாடி மாதிரிச் சுத்துது."

"டீசல விட மலிவு புள்ள!"

"மலிவெண்டா அண்டாவோட குடிக்கிறதா? எங்க வேலயெண்டு சொல்லுங்க. போய்வர அளவாத் தருவன்."

"அளவாவா? நான் ஒன்ட புருசன்கா!"

"ஓம். அதாலதான் காசு கேக்கல்ல."

அந்த நாளையிலயிருந்து பங்கீடு தொடங்கிச்சி. நாவற்குடாவில வேலயா? பற்றரியில பத்து வீதம். கொக்கட்டிச்சோலையா? முப்பது. அளவு வந்ததும் குசினிக்க இரிக்கிற சுவிச்ச 'டக்'கெண்டு ஓஃப் பண்ணிடுவா. எண்ணெய்ப் பஞ்சத்தில அரசாங்கம்கூட கியூ.ஆர். கோட் காட்டினா எங்க போறாயெண்டு கேக்காம எண்ணெய் அடிச்சிவிட்டிச்சி. இவ எங்க, ஏன், ஆரோட, எப்ப வருவாய் எல்லாம் கேட்டுட்டுத்தான் அடிப்பா.

அதோட ஒரு சட்டம் வேற.

"போற தூரத்தப் பத்தி ஒரு பொய் சொல்லிப் புடிபட்டீங்களோ, அந்தப் பிளக்கக் கழட்டி அதில ஃபிரிட்ஜப் பூட்டுவன். மறுகா ஒங்கட பாரையும் கண்ணாடியையும் சைக்கிள்ல கட்டிக்கொண்டு போங்க."

நான் சும்மா விடுவனா? எதிர்ப்புக் காட்டினன். "ஒன்ட கரண்டே வேணாம்!" எண்டு ஏணியத் தோள்ல வெச்சி நாவற்குடா வரைக்கும் நடந்தன். அடுத்த நாள் ஏணிக்கு ஒண்ணும் இல்ல. தோளத்தான் காணல்ல. மூணாம் நாள் பல்ல இளிச்சிக்கொண்டு போய்ப் பத்து வீதம் வாங்கினன். ஆனா மனசுக்குள்ள பணியல்ல. அத எழுதி வெச்சிக்கங்க.

இப்பிடி இரிக்கக்குள்ளதான் அம்ஜத் வந்தான்.

"மச்சான், ஞாயித்துக்கிழம பாசிக்குடா. கடல்ல குளிக்கிறம், மீன் சுடுறம். பொடியனுகள் எல்லாரும் ரெடி. ஒன்ட வண்டிதான் வேணும்."

எனக்கு நெஞ்சுக்குள்ள அல அடிச்சிச்சி. கலியாணம் முடிச்சு வந்த நாளையிலயிருந்து ஒரு ஞாயிறு எனக்கெண்டு இல்ல. மாமிட கிணத்து மோட்டர், மச்சினிட அலுமாரி, எல்லாத்துக்கும் ஞாயிறு. இந்த ஞாயிற நான் விடப்போறல்ல!

"ஆனா சார்ஜ் தரமாட்டாவேடா?" எண்டான் அம்ஜத்.

"அட மக்கு. பாசிக்குடா வடக்க. வெல்லாவெளி தெற்க. தூரம் கிட்டத்தட்ட ஒண்டு. வெல்லாவெளில வேல எண்டு சொல்லி சார்ஜ வாங்குவன். பாசிக்குடாவுக்கு உருட்டுவன். பற்றரிக்கு வடக்குத் தெற்குத் தெரியாது மச்சான்!"

ரெண்டு பேரும் கை அடிச்சிச் சிரிச்சம். கணக்கு வாத்தியார் பாத்திரிந்தா சோடாவத் திருப்பிக் கேட்டிரிப்பார்.

சனிக்கிழம அசர் தொழுகைக்குப் பிறகு ஸுஹைனாட்டப் போனன்.

"நாளைக்கி வெல்லாவெளில வேல."

சாறி மடிச்சிக்கொண்டிருந்தவ நிமிந்து பாத்தா. "வெல்லாவெளிலயா? ஞாயித்துக்கிழமயா?"

"வேலைக்கு ஞாயிறென்ன திங்களென்ன. புது ஊடு. ஜன்னல் பூட்டணும்."

"கரண்ட் இரிக்கா அங்க?"

சார்ஜ் கூட வரட்டுமெண்டு, "இல்ல கிளி, இனித்தான் எடுக்கணுமாம்" எண்டன்.

"அப்ப கட்டருக்கும் சேத்து வேணுமே. நூறு வீதம் போடுங்க."

நூறு! கலியாணம் முடிச்சு இந்த ஊட்டுக்கு வந்ததிலயிருந்து எனக்கு எதுவுமே நூறு வீதம் கிடைச்சதில்ல. இவ இவ்வளவு சுகமா ஏமாறுவாவெண்டு தெரிஞ்சிரிந்தா அமெரிக்காவுக்கே சார்ஜ் கேட்டிரிப்பன்.

ஞாயிறு விடிஞ்சிச்சி. கட்டியிரிந்த சாரத்துக்கு உள்ளால கடல்ல குளிக்கிற கட்டைக் களிசான மாட்டிக்கொண்டு, விசிலடிச்சிக்கொண்டு வண்டிக் கதவத் திறந்தன்.

முன் சீற்றில ஸுஹைனா. மடியில சோத்துப் பார்சல்.

"நானும் வாறன்."

"என்னத்துக்குகா? அங்க ஒரே தூசி! வெயில்! யானை வரும்!"

"யானை வந்தா ரெண்டு பேரும் ஓடுவம். அலுமினியம் பார் எங்க? வேலைக்குப் போறவர் வெறும் வண்டியோட போறதா?"

ஏத்தினன். பாரும் கண்ணாடியும் கட்டரும், ஒவ்வொண்டா ஏத்தினன். சாரத்துக்குள்ள களிசான் வேர்வையில ஒட்டிப் போச்சி.

சந்தியில அம்ஜத் மீன் பெட்டியோட நிண்டான். நான் முகத்தத் திருப்பி, தெற்கால வெட்டினன். அவன் பாஞ்சு பாஞ்சு கை காட்டினான்.

"அம்ஜத் என்னத்துக்குக் கை காட்டுறார்?"

"ஸலாம் சொல்லுறான்."

"ரெண்டு கையாலயுமா?"

"அவன் மார்க்கப்பற்றுக் கூடினவன்."

களுவாஞ்சிக்குடி தாண்டி, பட்டிருப்புப் பாலத்தில ஏறக்குள்ளதான் கரண்ட் வண்டிட ஒரு குறை எனக்கு விளங்கிச்சி. இத ஒருத்தனும் விளம்பரத்தில சொல்லமாட்டான். சத்தமே இல்ல! பழைய டீசல் எண்டா பொண்டாட்டி கேக்குற எதுவும் காதில உழாது. இதில நான் எச்சில் முழுங்கினதுகூட அவக்குக் கேட்டிச்சி.

"ஊட்டுக்காரர்ட பேரென்ன?"

"அந்த... அண்ணன்."

"எந்த அண்ணன்?"

"பெரிய அண்ணன்."

"ஊடு எந்தப் பக்கம்?"

"வட்டைப் பக்கம்." வெல்லாவெளில எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல் வட்டைதான். அதால இது பொய்யில்ல.

ஊருக்குள்ள போனன். ஒவ்வொரு ஊட்டயும் பாத்துப் பாத்து உருட்டினன். எல்லா ஊட்டுலயும் ஜன்னல் இரிக்கி! இந்த வெல்லாவெளிக்காரன்களுக்கு இவ்வளவு காத்தோட்டம் என்னத்துக்கு? அல்லாஹ்வே, றப்பே, ஜன்னலில்லாத ஒரே ஒரு ஊட்டக் காட்டு! அந்தப் பிளக் போனா நான் சைக்கிள், அலுமினியம் பார் பத்தடி, முன்னால ஒரு சிவப்புத் துணி. என்ட கதை முடிஞ்சிது.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க," எண்டா ஸுஹைனா. "இதுதான?"

பாத்தன். புது ஊடு. பூச்சு முடிஞ்சிட்டு. ஜன்னல் எல்லாத்துக்கும் சாக்கு தொங்குது.

"ஓம் ஓம்! இதேதான்! ஒனக்கெப்பிடித் தெரியும்?" சந்தோசத்தில கேக்கக்கூடாத கேள்வியக் கேட்டுட்டன். அவ கதவத் திறந்து இறங்கிட்டா.

உள்ளால ஒரு அக்கா வந்தா. அவ வாய் திறக்க முந்தி முந்திக்கொள்ளணும். பாஞ்சு இறங்கி, ஸுஹைனாக்கு முதுகக் காட்டிக்கொண்டு, ரெண்டு கண்ணாலயும் கண்ணடிச்சன்.

"அக்கா! நான்தான்! ஜன்னல் விசயமா போன்ல கதச்சேனே!"

"நீங்க எங்க தம்பி கதச்ச? தங்கச்சியெல்லோ நேத்துக் கதச்சா," எண்டா அந்த அக்கா. "கண்ணில என்ன, தூசியா? கழுவுங்க, கிணத்தடியில தண்ணி இரிக்கு." என்னத் தாண்டிப் போய் ஸுஹைனாட கையப் புடிச்சா. "சொன்ன மாதிரியே புருசனக் கொண்டு வந்திட்டீங்க தங்கச்சி!"

எனக்கு ரயர்ல காத்துப் போன மாதிரி இரிந்திச்சி.

விசயம் இதுதான். அந்தக் கண்ணகை அக்கா போன்ல ஸுஹைனாட்டச் சாறி எடுக்கிறவ. கனநாளா ஜன்னலுக்கு ஆள் தேடுறாவாம். டவுன்ல கேட்டா எல்லாரும் வேலைக்கு ஒரு விலை, டீசலுக்கு ஒரு விலை சொல்லுறாங்களாம். "எங்கட வண்டிக்கு டீசல் கிடயாது அக்கா, தூரத்துக்கு ஒரு சதமும் வேணாம்" எண்டு இவ சொல்லி அந்த வேலய எங்களுக்கெண்டு ஒதுக்கி வெச்சிட்டா. என்னட்டச் சொல்ல மட்டும்தான் நேரம் கிடைக்கல்லயாம்.

கிணத்தடியில ஸுஹைனா பக்கத்தில வந்து நிண்டா.

"அம்ஜத் பாசிக்குடா மீனுக்கு மசாலா கூட்டித் தரச் சொன்னாராம். ஷஸ்னாக்கு அளவு தெரியாம என்னட்டக் கேட்டா. எட்டுப் பேருக்காம். எட்டாவது ஆள் 'ஒங்கட அவர்' எண்டா."

நான் பணிஞ்சனா? இல்ல!

"நான் என்ன பொய் சொன்னன்? வெல்லாவெளில வேலயெண்டன். வேல இரிக்கா இல்லயா? புது ஊடெண்டன். புது ஊடா இல்லயா? கரண்ட் இல்லயெண்டன். இரிக்கா?"

"இல்ல," எண்டா. "அதாலதான் ஒங்கட பிளக் தப்பிச்சி. போய் அளங்க."

அளந்தன். வெட்டினன். பூட்டினன். பாசிக்குடாவில அவனுகள் கடலுக்குள்ள கிடக்க, நான் சாரத்துக்குள்ள குளிக்கிற களிசானோட வெல்லாவெளி வெயில்ல கிடந்தன். ஆனா ஒண்டு சொல்லணும். வண்டி மானத்தக் காப்பாத்திச்சி. கட்டர் ஓடிச்சி, டிறில் ஓடிச்சி. இடையில கண்ணகை அக்கா மிக்சியக் கொண்டுவந்து அதிலயே சம்பலும் அரைச்சா. ஒரு முக்கல் முனகல் இல்ல.

பக்கத்து வளவு நல்லரத்தினம் ஐயா, வயல்காரர், வேலியால எட்டிப் பாத்துக்கொண்டே நிண்டவர் பொறுக்க ஏலாம வந்திட்டார்.

"தம்பி, இது மெய்யாவே எண்ணெய் குடியாதா?"

"ஒரு சொட்டும் இல்ல ஐயா."

"நாலு மூடை நெல்லு ஏத்தலாமா?"

"ஆறு ஏத்துங்க. அதுக்கு மேல நீங்களும் ஏறுங்க."

பிறகென்ன, நெஞ்ச நிமித்தி ஒரு பிரசங்கமே வெச்சன். டீசல் மிச்சம், ஒயில் மாத்துற செலவில்ல, புகையில்ல, சத்தமில்ல, கரண்டில்லாத ஊட்டுக்கும் கரண்டக் கொண்டு போகும், என்னைப் போல தொழில் செய்றவன் இனி எவனுக்கும் பயப்படத் தேவல்ல! ஐயா வாயப் பிளந்து கேட்டார். கேட்டுட்டு, மடியிலயிருந்து போன எடுத்தார்.

"என்ட ஊட்டுக்கும் ஜன்னல் போடோணும் தம்பி. நம்பரச் சொல்லுங்க."

நான் தாடியத் தடவினன். "சைபர் ஏழு..."

"உங்கட நம்பர் என்னத்துக்கு?" எண்டார். "எங்க போறெண்டு முடிவெடுக்கிற அந்தத் தங்கச்சிட நம்பரச் சொல்லுங்க."

சொன்னன். முன் சீற்றில போன் அடிச்சிச்சி. ஸுஹைனா எடுத்தா.

"ஓம் ஐயா, அடுத்த ஞாயிறு வருவார். அதுக்கடுத்த ஞாயிறும் சும்மாதான் இரிக்கார்."