முழி பெயிண்டரும் ஒற்றைக்கண் பூதமும்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைத் தெருவில் பிழைத்தவர்கள் இரண்டே வகை. முழி பெயிண்டரைப் பார்த்து வாயடைத்துப் போனவர்கள் ஒரு வகை. அன்றைக்கு லீவில் இருந்தவர்கள் இன்னொரு வகை. எழுபதுகளின் கடைசியில் சேலத்துச் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பிலிருந்து அந்தத் தெருவுக்குக் கணக்கு எழுதப் போன நான், லீவே எடுக்காத ஏமாளி. அதனால் ஒரு அதிர்ச்சிகூட பாக்கியில்லாமல் எல்லாம் எனக்குக் கிடைத்தது.

பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்க வேண்டும். ரேஷன் கடையில்கூட முழி பெயிண்டர் என்றால்தான் சர்க்கரை போடுவார்கள். லாரியின் பின்பக்கம் திருஷ்டிக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு பூதமுகம் இருக்குமே, அதை வரைவதில் சேலம் ஜில்லாவிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பூதத்தின் கண் முழியை மட்டும் கடைசியில்தான் வைப்பார். கோயில் சிலைக்குக் கண் திறப்பதைப் போல, வண்டிச் சொந்தக்காரர் குளித்து, தேங்காய் பழத்துடன் வந்து நிற்க வேண்டும். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இரண்டு பொட்டு வைப்பார். "பாத்துட்டான். வண்டிய எடுங்க" என்பார். அதன்பிறகுதான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

அவர் முழி வைத்த வண்டிக்கு விபத்தே வராது என்று ஒரு நம்பிக்கை. ஒரு வண்டி தொப்பூர் கணவாயில் பள்ளத்தில் இறங்கியபோது சொந்தக்காரர் சண்டைக்கு வந்தார். பெயிண்டர் பீடியை அணைக்காமலே பதில் சொன்னார். "பூதம் பின்னாலதானுங்க பாக்கும். முன்னால பாக்கறதுக்குத்தானே டிரைவர வெச்சிருக்கீங்க?" வந்தவர் அடுத்த வண்டிக்கும் அவரிடமே சொல்லிவிட்டுப் போனார்.

பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி. ஏரிக்கரை ஓரம் ஒரு கிணறு. தெருவே அந்தக் கிணற்றில்தான் குடித்தது. ஆனால் அந்த ஏரிக்கு நாங்கள் செய்த மரியாதை இருக்கிறதே, அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. பெயிண்ட் பிரஷ் கழுவிய தின்னர், பழைய கிரீஸ், கழிவு ஆயில் எல்லாம் வாய்க்கால் வழியாக அங்கேதான் போகும். பாடி கட்டி முடித்த லாரியை ஏரிக்குள்ளேயே இறக்கிக் குளிப்பாட்டிவிட்டுத்தான் பூஜை. பழுதுக்கு வருகிற பழைய லாரிகளையும் அங்கேதான் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள். தண்ணீர்மேல் எப்போதும் வானவில் மிதக்கும். கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீரும் டீசல் வாடை அடிக்க ஆரம்பித்தது. நான் குடியிருந்த வீட்டில் மோர் குடித்தால் ஏப்பம் பெட்ரோல் பங்க் மாதிரி வரும்.

பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள். தோட்டக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விட்டார். பொங்கல் வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் என் கரும்புக்கே பத்தாது, கேட்டை பூட்டிவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பொங்கலுக்குப் பிறகு குடிக்கத் தண்ணீர் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். ஆவன செய்யப்படும் என்று பதிலும் வந்தது.

முழி பெயிண்டர் மனு கொடுக்கவில்லை. அவர் செய்த முதல் காரியம், ஏரி மதகின் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பூதம் வரைந்தது. பட்டறை ஆட்கள் எல்லாம் ஒன்றுக்கு ஒதுங்குகிற இடம் அது. மறுநாள் காலை வழக்கம்போல வேட்டியைத் தூக்கிக்கொண்டு போன எங்கள் வெல்டர், எதிரே ஒற்றைக் கண் தன்னையே பார்ப்பதைக் கண்டு, போன காரியம் மறந்து பட்டறை வரை ஓடி வந்தார். இரண்டு நாள் காய்ச்சல். அதன்பிறகு ஏரிக்கரையில் ஒரு பயலும் ஒதுங்கவில்லை.

சாமி படம் வரைந்திருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"சாமின்னா கன்னத்துல போட்டுக்கிட்டு வந்த வேலையப் பாத்துட்டுப் போயிருவானுங்க, கணக்குப்புள்ள. பூதம்னா தன்னால அடைச்சுக்கும்."

இன்னொரு கண் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்றும் கேட்டேன். "தண்ணி தேறட்டும், வெக்கறேன்" என்று மட்டும் சொன்னார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த அதிர்ச்சி எங்கள் முதலாளிக்கு. ஒரு நாள் புது வண்டியின் ரேடியேட்டருக்கு ஊற்ற, பெயிண்டர் அந்தக் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். முதலாளி பதறிப்போய் தட்டிவிட்டார். ரேடியேட்டர் அரித்துப் போகும், அந்தச் சாக்கடையைக் கிட்டவே கொண்டு வராதே என்று கத்தினார். பெயிண்டர் குரலை உயர்த்தவில்லை.

"ரேடியேட்டருக்கே ஆகாத தண்ணிங்க. இத்தன நாளா நம்ம ஊட்டுப் பொம்பளைங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் ஊத்துனோமுங்களே, அவங்க அரிக்க மாட்டாங்களா?"

முதலாளி ஆபீசுக்குள் போய் ஃபேனைப் போட்டுக்கொண்டார். ஆனால் ஃபேனைப் போட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. பெயிண்டர் ஆயுத பூஜை வரட்டும் என்று காத்திருந்தார்.

ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று எல்லாச் சொந்தக்காரர்களும் கழுத்தில் துண்டைப் போட்டு இறுக்குகிற நேரம். தெருவிலுள்ள எல்லாப் பட்டறையிலும் வண்டிகள் பளபளவென்று தயார். ஒவ்வொன்றின் பின்னாலும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பூதம். ஒன்றுக்கும் முழியில்லை. வெள்ளை வெளேரென்று குருட்டுப் பூதங்களாக வரிசையில் நின்றன.

பெயிண்டர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிபந்தனையை அறிவித்தார். பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஏரிக்குத் தள்ளி ஒரு கழுவு மேடையும், கழிவு ஆயில் தேங்க ஒரு குழியும் கட்ட வேண்டும். அப்புறம், ஒவ்வொரு புது லாரியும் முதல் லோடாக ஏரியில் படிந்திருக்கிற எண்ணெய்ச் சேற்றை அள்ளிக்கொண்டு போய்ப் பழைய கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வரவேண்டும். திரும்பி வருகிற வண்டிக்குத்தான் முழி.

தெருவே திடுக்கிட்டது. முதல் லோடு என்பது லாரிக்காரர்களுக்கு விளையாட்டு இல்லை. நெல் ஏற்றுவார்கள், மஞ்சள் ஏற்றுவார்கள், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு மூட்டை உப்பாவது ஏற்றுவார்கள். சாணி மெழுகிய இடத்தில் மலம் கொட்டச் சொன்னதைப் போல எல்லாரும் குதித்தார்கள். ராசிபுரத்துச் சொந்தக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்ததும் பெயிண்டர்தான்.

எங்கள் முதலாளி ரோஷக்காரர். இரண்டு பொட்டு வைப்பதற்கு இவன் என்ன பிரம்மாவா என்று சொல்லிவிட்டு, தானே பிரஷை எடுத்து ராசிபுரத்து வண்டிக்கு முழி வைத்தார். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். இரண்டு முழியும் கீழே இறங்கி மூக்கோரம் ஒட்டிக்கொண்டிருந்தன. பூதம் எதையோ தொலைத்துவிட்டுத் தரையில் தேடிக்கொண்டிருந்தது.

சோடா குடித்துத் தேறி வந்த சொந்தக்காரர் அதைப் பார்த்தார். மறுபடியும் நெஞ்சைப் பிடித்தார்.

"ஏனுங்க, இது டயரையே மொறச்சுப் பாக்குதுங்களே. வண்டி வருசம் பூரா பஞ்சராகியே கெடக்குமுங்க. எனக்கு வேண்டாஞ் சாமி. சேறா இருந்தா என்ன, சகதியா இருந்தா என்ன, அள்ளிக் கொட்டிப் போடறேன். அந்தாளயே கூப்புடுங்க."

அதோடு எதிர்ப்பு முடிந்தது. மற்ற பட்டறைக்காரர்களும் தாங்களே முழி வைக்க எடுத்திருந்த பிரஷைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் புத்தம்புது லாரிகள் சந்தனம் குங்குமத்தோடு ஏரிக்கரையில் வரிசை கட்டியதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். தெருப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். வெல்டர், தச்சர், தகடு தட்டும் டிங்கர் எல்லாரும் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மழைக்கு முன்னால் என்பதால் ஏரி ஓரம் வற்றிக் கிடந்தது. அள்ள அள்ளச் சேறு கருகருவென்று எண்ணெய் கக்கியது. கிணற்றையும் இறைத்துத் தூர் வாரினோம். இத்தனை கூத்துக்கும் காரணமான மனிதர் ஒரு கூடை சேறு சுமந்தாரா என்றால், இல்லை. கரைமேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கை நடுங்கினால் முழி கோணிவிடும் என்று காரணம் சொன்னார். அடித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. வண்டி திரும்பி வர வர, எழுந்துபோய் இரண்டு பொட்டு வைத்துவிட்டு மறுபடி ஸ்டூலுக்கு வந்துவிடுவார்.

கழுவு மேடையும் கட்டினார்கள். குழியில் தேங்கிய கழிவு ஆயிலைப் பாடிப் பலகைகளுக்குப் பூசினால் கரையான் வராது என்பதை முதலாளி கண்டுபிடித்தார். பிறகு அந்தக் குழியே தன்னுடைய யோசனைதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பெயிண்டர் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார்.

ஐப்பசி மழை ஏரியை நிரப்பியது. கிணறும் நிரம்பியது. ஆனால் குடிக்க யாருக்கும் தைரியமில்லை. தெளிவாகத்தான் இருந்தது, இருந்தாலும் டீசல் குடித்த நாக்கு நம்பவில்லை. பொங்கல் நெருங்க நெருங்கத் தோட்டக்காரர் கேட்டுக்குப் பூட்டு வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

மார்கழியில் ஒரு காலை நேரம். டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மதகுப்பக்கமிருந்து வெல்டர் மறுபடியும் ஓடி வந்தார். இந்தத் தடவை காய்ச்சல் இல்லை, சிரிப்பு. பூதத்துக்கு இரண்டாவது கண் வந்துவிட்டது என்றார். போய்ப் பார்த்தோம். சுவரில் பெயிண்ட் ஈரம்கூடக் காயவில்லை. இரண்டு கண்ணும் நேராக, கம்பீரமாக எங்களைப் பார்த்தன. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார்கள்.

நான் மட்டும் பெயிண்டர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் தேறிவிட்டது என்று இவருக்கு எப்படித் தெரியும், பரிசோதனைக்கு அனுப்பினாரா என்று கேட்கத்தான் போனேன். அவர் கட்டிலில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசலுக்கு வந்து, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் என்மேல் கொட்டினார்.

"என்னத்தச் சொல்றது தம்பி. சேறு அள்ளுன நாள்லருந்து தெனமும் அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிக்கறாரு. ஊட்டுல நாங்க யாரும் தொடப்படாதாம். வவுறு போயி, வாந்தி எடுத்து, பாதி ஒடம்பாயிட்டாரு. நேத்தோட எட்டு நாளா வவுத்துக்கு ஒண்ணும் பண்ணலீங்களாம். அதான் விடியறதுக்குள்ள பிரஷைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. ஏனுங்க இந்த வேலைன்னு கேட்டா, வேற யாரக் குடிக்கச் சொல்றதுங்கறாரு."

ஸ்டூலில் உட்கார்ந்து கை நடுங்கும் என்று சொன்னாரே, அப்போதே அடிக்கத் தோன்றியதே, அதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "என்ன கணக்குப்புள்ள, இங்க நிக்கறீங்க? தண்ணி எடுத்தாச்சுங்களா?" என்றார். எடுத்தாச்சு என்றேன். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சூரமங்கலத்துக்கே திரும்பி வந்து வெகுகாலமாகிவிட்டது. ரோட்டோரம் பூதம் போட்ட லாரி நின்றால் எல்லாரும் ஒதுங்கித்தான் போகிறார்கள். நான் கொஞ்சம் பக்கத்தில் போய், முழி வைத்தது யார் கை என்று பார்த்துவிட்டு வருகிறேன்.