முடி இல்லாத லிக்டன்ஸ்டைன்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். தேத்தண்ணீர் குடித்தேன். யன்னலோரப் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். 6.15க்கு அன்றைய வேலைப் பட்டியலை எழுதி முடித்தேன். மொத்தம் பதினேழு. என்னைக் கவிழ்த்தது ஒன்பதாவது.

அன்று மொன்றியலில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் விளையாட்டு விழா. சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாட்டைக் கொடுப்பார்கள். பிள்ளை அந்த நாட்டுக் கொடியோடு அணிவகுத்து வர, தாயோ தகப்பனோ அந்த நாட்டின் ஒலிம்பிக் வரலாற்றைப் பிரெஞ்சில் மூன்று நிமிடம் வாசிக்க வேண்டும். எனக்கு விழுந்தது லிக்டன்ஸ்டைன். (வரைபடத்தில் கண்டுபிடிக்க மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.) மேலே நீலம், கீழே சிவப்பு, நீலத்தின் மூலையில் பொன்னிற முடி. கொடியைத் தைத்துச் சுருட்டிவிட்டேன். முடியை மட்டும் வெட்டித் தையல் பெட்டிக்கு மேல் வைத்திருந்தேன்.

பதின்மூன்று வயது மகள் அனுஜா கோவில் பக்கம் வருவதே குறைந்திருந்த காலம் அது. கொடி பிடிக்க ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள்.

"அம்மா, என்னை வெக்கப்படுத்தினா இனி இந்தப் பக்கமே வரமாட்டன்."

ஒரு பிழையும் வரக்கூடாது என்று உறுதி பூண்டேன். பிரெஞ்சு உச்சரிப்போடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், கீழ் வீட்டுக் கல்பனாவை உதவிக்கு அழைத்தேன். சென்னைக்காரி, கெட்டிக்காரி.

"கல்பனா, ஒன்பதாவது உங்கட பொறுப்பு. முடியை வடிவா வைச்சு ஊசி குத்தி விடுங்கோ."

அரை மணித்தியாலத்தில் வந்தாள். "பதினோரு பின்னு குத்தியிருக்கேன்க்கா. புயலே அடிச்சாலும் கலையாது!"

கொடிக்குப் பதினொன்று அதிகம்தான். ஆனாலும் அவளுடைய ஒழுங்கை மெச்சி, பட்டியலில் சரி போட்டேன்.

மைதானத்தில் அனுஜா கொடியை விரித்ததும் எதிரே இருந்த ஹெய்ட்டிக் குடும்பங்கள் எழுந்து நின்று ஆரவாரித்தன. ஒருவர் மேளம் அடித்தார். லிக்டன்ஸ்டைனுக்கு மொன்றியலில் இவ்வளவு செல்வாக்கா என்று பூரித்துப்போய் வாசிக்கத் தொடங்கினேன்.

"பனிமலைகள் சூழ்ந்த எமது சிறு நாடு..." கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. "வென்ற பதக்கங்கள் அனைத்தும் பனிச்சறுக்கில்..." மேளம் நின்றது.

"மதாம், எந்தப் பனி?" என்று முன்வரிசையில் ஒரு பெண்மணி கேட்டார்.

நான் நிறுத்தவில்லை. "1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில், தன் கொடியும் ஹெய்ட்டியின் கொடியும் ஒன்றுபோல இருப்பதை எமது நாடு கண்டுகொண்டது..."

வாசித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அனுஜாவின் தலையில் கலைக்க முடியாத அழகான கொண்டை. கொடியில் ஒன்றுமில்லை.

(யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் தலையில் வளர்வது தலைமயிர், முடி என்றால் அரசர் வைப்பது. சென்னையில் அந்த முதற்சொல்லைச் சொன்னால் அடிதடி.)

இன்னும் ஒரு நிமிடம் பத்து விநாடி இருந்தது. ஆனாலும் அதற்கு அடுத்த ஆண்டு லிக்டன்ஸ்டைன்காரர் கொடியில் முடி சேர்த்த கதையைக் கடைசிச் சொல்வரை வாசித்தேன். மைதானமே சிரித்தது. பிறகு, எனக்கு இன்னும் விளங்காத காரணத்தால், எழுந்து நின்று கைதட்டியது.

கல்பனா ஓடி வந்தாள். "அக்கா, முடின்னா கிரீடமா? அதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா!"

நான் பயந்தது அனுஜாவுக்குத்தான். முகம் சிவந்திருந்தது. ஆனால் கையில் யாரோ ஒரு ஹெய்ட்டிக்காரர் கொடுத்த வாழைக்காய்ப் பொரியல் தட்டு.

"அடுத்த வருஷமும் நான்தான் கொடி பிடிப்பன்."

"லிக்டன்ஸ்டைனுக்கோ?"

"இல்லை, ஹெய்ட்டிக்கு. அவை இப்பவே கேட்டிட்டினம்."

அன்று வேலைக்குப் போய் எல்லாவற்றையும் தவறவிட்ட என் கணவர், இன்றைக்கும் நாங்கள் எங்கு புறப்பட்டாலும் கதவடியில் நின்று கேட்பார்: "முடி வைச்சாச்சோ?"

கொடியில் முடி வைக்க லிக்டன்ஸ்டைனுக்கு ஓர் ஆண்டு எடுத்தது. நான் மறுநாள் ஞாயிறு காலை 5.40க்கு எழுந்து, தேத்தண்ணீர் வைக்க முன்னமே, ஒன்பதாம் இலக்கத்தில் இருந்த 'முடி' என்ற சொல்லை வெட்டிக் 'கிரீடம்' என்று எழுதினேன். பிறகு அதைக் கொடியில் தைத்தேன்.