வாசிக்கத் தெரியாத பிள்ளை தேவை

பிறின்சி மூன்றாம் பக்கத்தையும் தங்குதடையில்லாமல் வாசித்து முடித்தாள். பெனிற்றா கலங்கிப்போனாள்.

ஏழு வயதுப் பிள்ளை வடிவாக வாசிப்பதைக் கேட்டுக் கலங்கும் ரீச்சரும் உலகத்தில் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். லண்டன் செவன் கிங்ஸில் ஒருத்தி இருந்தாள். சேர்ச் மண்டபத்துக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில், கோட்டைக் கழற்றாமல், கையில் பேனையோடு இருந்தாள்.

விஷயம் இதுதான். பெனிற்றா பகலில் ஆரம்பப் பள்ளி ரீச்சர். பின்னேரங்களில் வாசிப்புக் கற்பித்தலில் மாஸ்டர்ஸ் படிக்கிற மாணவி. படிப்பின் கடைசிப் பகுதிக்கு, வாசிக்கச் சிரமப்படுகிற ஒரு பிள்ளையைப் பிடித்து, ஒரு தவணை முழுக்கத் தனியாகச் சொல்லிக்கொடுத்து, அது மெல்ல மெல்லத் தேறிவருவதை எழுதிக் கொடுக்கவேண்டும். அவகாசம் கேட்டுக் கேட்டு, இனிமேல் கேட்க வாயில்லை. இந்த முறையும் தவறினால் படிப்பும் போச்சு, பள்ளிக்கூடத்தில் தருவதாகச் சொன்ன வாசிப்புப் பொறுப்பாளர் பதவியும் போச்சு.

பிள்ளை கிடைத்ததே பெரும்பாடு. 'வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை தேவை' என்று சேர்ச் வாசலில் ஒட்டிப் பார்த்தாள். எந்தத் தாயும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் ஆட்களின் பிள்ளைகளில் அப்படி ஒன்று இருந்தால்தானே. பிறகு 'பல்கலைக்கழக ஆய்வுக்கு' என்று மேலே ஒரு வரி சேர்த்தாள். அன்று பின்னேரமே அருள்நாயகி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளையைச் சேர்க்க முதல் வைக்கிற வாசிப்பு ரெஸ்ற்றை மட்டும் அடுத்த கிழமை வைக்கச் சொல்லிக் கேட்டாள்.

ரெஸ்ற்றில் பிறின்சி ஆங்கிலப் புத்தகத்தில் 'ஹவுஸ்' என்பதை 'ஹோர்ஸ்' என்று வாசித்தாள். ஒரு வரியை விட்டு மற்ற வரிக்குப் பாய்ந்தாள். மாதாவே நன்றி என்று பெனிற்றா மனதுக்குள் கும்பிட்டாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில், "எங்கட பிறின்சியை யூனிவர்சிற்றி எடுத்திட்டுது" என்று அருள்நாயகி சொல்லாத ஆள் இல்லை.

அந்தப் பிள்ளைதான் மூன்றாம் கிழமையே இப்படி ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி வாசிக்கிறது.

"பிறின்சி, உமக்கு வேற ஆரும் சொல்லித் தருகினமோ?"

"ரியூசன் போறனான், அன்ரி. மனோர் பார்க்கில, சண்முகராசா மாஸ்டரிட்ட."

பெனிற்றாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கியதாக நினைத்தாள். நேரே அருள்நாயகி வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, பிள்ளையை ரியூசனுக்கு விடுறியளாம்."

அருள்நாயகியின் முகம் ஒரு கணம் வெளிறியது. "ஆர் சொன்னது?"

"பிள்ளைதான்."

"அது… ஓம். ரியூசன் இல்லாமல் எங்கட ஆக்கள் எதைத்தான் செய்தவை?"

"அதை நிப்பாட்டுங்கோ. என்ர ஆராய்ச்சி பழுதாப் போகுது."

"நிப்பாட்டினால் பிள்ளை குழப்பிப்போடும், பெனிற்றா."

"ஒண்டும் குழப்பாது. நான் பாத்துக்கொள்ளுறன்."

"பேந்து யூனிவர்சிற்றி பிள்ளையை விலத்திப்போடாதோ?"

"இப்பிடியே போனால்தான் அக்கா விலத்துவினம்."

அருள்நாயகி அரைமனதோடு தலையாட்டினாள்.

ரியூசன் நின்றது. அடுத்த கிழமை பிறின்சி ஓநாய்க்கு ஒரு குரல், ஆட்டுக்குட்டிக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றி வாசித்தாள். பெனிற்றா பெரிய வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தாள். அதையும் வாசித்தாள். பெனிற்றா மேசையில் கிடந்த சேர்ச் அறிவித்தலை எடுத்து நீட்டினாள். மண்டபத்து ஹீற்றர் திருத்தும் நிதிக்கு உதவும்படி பங்குத்தந்தை கேட்டிருந்ததைப் பிள்ளை பங்குத்தந்தையைவிட உருக்கமாக வாசித்தது.

பெனிற்றா அருள்நாயகிக்கு ஃபோன் எடுத்தாள். "அக்கா, உண்மையாவே ரியூசனை நிப்பாட்டிப்போட்டியளோ?"

"நிப்பாட்டிப்போட்டன். ஏன், பிள்ளை நல்லா வாசிக்குதோ?"

"நல்லாவோ? பயமாக் கிடக்கு."

"நான் அப்பவே சொன்னனான்தானே," என்று அருள்நாயகி பெருமூச்சு விட்டாள்.

வீட்டில் பெனிற்றாவின் புருசன் றஜீவ் சோற்றைப் பிசைந்துகொண்டே மனைவி சொன்னதையெல்லாம் கேட்டான். "இதில யோசிக்க என்ன கிடக்கு? ரியூசன் நிண்ட பிறகுதானே பிள்ளை இன்னும் நல்லா வாசிக்குது? அப்ப அது உம்மட கெட்டித்தனம். அப்பிடியே எழுதும்."

பெனிற்றா வெட்கப்பட்டுக்கொண்டு மறுத்தாள். மறுத்தபடியே போய் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். எழுத எழுத அவளுக்கே அது உண்மை என்று பட்டது. வெளி ரியூசனை நிறுத்தியதும் பிள்ளை பாய்ந்து முன்னேறியது என்றும், காரணம் தன்னுடைய கற்பித்தல் முறைதான் என்றும் எழுதி, அந்த முறைக்கு ஒரு பெயரும் வைத்து அனுப்பினாள். தலைகால் தெரியாத சந்தோசம்.

அவளுடைய பல்கலைக்கழக மேற்பார்வையாளர் டொக்ரர் ஹெலன் உடனே பதில் போட்டார். இப்படி ஒரு முன்னேற்றத்தைத் தான் கண்டதேயில்லை, நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். முந்தின ரியூசன் ஆசிரியரையும் சந்திக்க வேண்டும், இரண்டு முறைகளையும் ஒப்பிட்டால் ஆய்வு இன்னும் உறுதியாகும் என்றார்.

"மாஸ்டரை ஏன் கூப்பிடுறியள்?" என்று அருள்நாயகி பதறினாள். "அந்த மனுசனுக்கு முழங்கால் வருத்தம்."

"நான் காரில ஏத்திக்கொண்டு வாறன், அக்கா."

ஏற்றிக்கொண்டும் வந்தாள். ஒரு பழைய ரியூசன் மாஸ்டரை யூனிவர்சிற்றிக்கு முன்னால் இருத்திவைத்துத் தன் முறையை நிரூபிப்பதில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குஷிதான். அருள்நாயகிக்கு மட்டும் அன்றைக்குத் திடீரென்று வேலையில் ஷிப்ட் வந்துவிட்டது.

சின்ன அறையில் பிறின்சி வாசித்தாள். டொக்ரர் ஹெலன் தன் பையிலிருந்து தானே கொண்டுவந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதையும் வாசித்தாள். டொக்ரர் ஹெலன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "பெனிற்றா, இதை நீ மாநாட்டில் பேசவேண்டும்," என்றார். பெனிற்றாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பிறகு டொக்ரர் ஹெலன் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களிடம் வந்தபோது இந்தப் பிள்ளைக்கு என்ன சிரமம் இருந்தது? நீங்கள் என்ன முறையில் கற்பித்தீர்கள்?"

சண்முகராசா மாஸ்டருக்கு ஆங்கிலம் தண்ணி பட்ட பாடு. வெள்ளைக்காரியைப் பார்த்தார். பிறின்சியைப் பார்த்தார். ஆனாலும் கதிரையைப் பெனிற்றா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு தமிழில் மெல்லச் சொன்னார்:

"தங்கச்சி, உந்தப் பிள்ளை நாலு வயசில இருந்தே பேப்பர் வாசிக்குது, யூனிவர்சிற்றி எடுக்கிற அளவுக்குப் பிழைபிழையா வாசிக்கப் பழக்கச் சொல்லித்தான் தாய் என்னட்டைக் கொண்டந்து விட்டது, அது முழுக்கப் பழக முந்தி நீங்கள் வந்து நிப்பாட்டாமல் விட்டிருந்தால் இண்டைக்கு ஒரு சொல்லுக்கூட வாசிச்சிராது."